பாய்லருக்கு ஒரு லஸ்கர்

கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு எஸ்பிரெசோ மெஷின் வாங்குகிறவனை ஊர் ஒரு தினுசாகத்தான் பார்க்கும். காபிக்குப் பெயர் போன ஊர். நெடுஞ்சாலை நெடுகிலும், காவிரியைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட இந்த ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி, பித்தளை டபராக்களை அடுக்கிவைத்துக் கடை நடத்துகிறார்கள். அப்படியிருக்க, இங்கேயே இருப்பவன் இத்தாலிக்காரனிடம் போய்க் காபி கற்க வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான். வாங்கியதோடும் நான் நிற்கவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்ததும் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெப்பத்தை நிலையாக வைக்கும் பிஐடி என்ற கன்ட்ரோலர் ஒன்றைப் பொருத்தினேன். அந்த வேலை எதற்காக, யாருக்கு அது தேவையே இல்லை, டெல்டாவின் மின்சாரத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஃபில்டர் காபிக்குத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. என் அப்பா வாழ்நாளில் ஒரு முறைகூடத் தண்ணீரின் சூட்டை அளந்ததில்லை. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை மேல் அடுக்கில் ஊற்றி மூடிவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவார். சொட்டுச் சொட்டாக இறங்கி முடியக் கால் மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் தண்ணீர் எவ்வளவோ ஆறிப்போயிருக்கும். ஆனாலும் அவ்வளவு நேரம் தூளில் ஊறியதால் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் இறங்கும். இரண்டு டிகிரி கூடியதா குறைந்ததா என்று எந்த நாக்கும் கண்டுபிடிக்காது. ஃபில்டர் பெருந்தன்மை உள்ள பாத்திரம்.

எஸ்பிரெசோவில் அந்தச் சலுகை கிடையாது. வடிகட்டிக் கூடையில் அழுத்தி வைத்த 18 கிராம் தூளுக்குள் ஒன்பது பார் அழுத்தத்தில் நீர் பாய்ந்து, கப்பில் 36 கிராம் இறங்க 25 முதல் 30 விநாடி. அவ்வளவுதான் அவகாசம். அந்த நேரத்தில் நீர் 90-க்கும் 96-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. நீர் ஆறியிருந்தால் புளிப்பு முந்திக்கொள்ளும், சூடு மிஞ்சினால் கசப்பும் கருகல் வாசனையும் வந்து உட்காரும். கால் மணி நேரத்தில் சரிக்கட்டிக்கொள்ளக்கூடிய பிழையை அரை நிமிடத்தில் சரிக்கட்ட முடியாது.

இனி மெஷினுக்குள் போவோம். வீட்டுக்கென்று செய்யப்படும் ஒற்றை பாய்லர் மெஷின்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். என்னுடையதில் பாய்லர் அலுமினியம், பிடிக்கும் தண்ணீர் 100 மில்லி லிட்டர் அளவுதான். அதன் உடம்பில் திருகிய இரண்டு தெர்மோஸ்டாட்கள் உண்டு. காபிக்கு 107 டிகிரியில் துண்டிப்பது ஒன்று, நீராவிக்கு 145 டிகிரியில் துண்டிப்பது மற்றொன்று. பொத்தான் அளவுள்ள அந்தச் சாதனத்துக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று இருக்கும். சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவு விரிவதால் தகடு வளைந்து, டிக் என்ற ஓசையோடு மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் மறுபடி ஒரு டிக். இஸ்திரிப் பெட்டியில் இருப்பதும் இதே சங்கதிதான். மலிவானது, ஆண்டுக்கணக்கில் உழைப்பது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சிக்கல் அதன் குணத்தில் இருக்கிறது. 107-இல் துண்டித்த தகடு 106 ஆனதும் மறுபடி சேர்ந்துவிடாது. நன்றாக இறங்கிய பிறகுதான் சேரும். துண்டித்த பிறகும் சூடேற்றும் சுருளில் தங்கிய சூடு பாய்லருக்குள் போய்க்கொண்டே இருப்பதால் வெப்பம் 107-ஐத் தாண்டி மேலே போகும். மறுபடி சேர்ந்த பிறகும் சுருள் சூடேறச் சற்று நேரம் பிடிப்பதால் இன்னும் கொஞ்சம் கீழே சரியும். ஆக, மேலே ஒரு தாவல், கீழே ஒரு சரிவு. இரண்டுக்கும் இடையில் 20 டிகிரி என்பது இந்த வகை மெஷின்களில் சாதாரணம். அந்த ஊசலின் எந்தக் கட்டத்தில் நாம் சுவிட்சைத் தட்டினோம் என்பதைப் பொறுத்தது அன்றைய காபி.

இதற்கு ஆர்வலர்கள் ஒரு சடங்கு கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மெஷின் சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணையும்வரை காத்திரு. கொஞ்சம் தண்ணீரைக் காலிக் கப்பில் விடு. விளக்கு எரியும். மறுபடி அணைந்ததும் மனத்துக்குள் எண்ணத் தொடங்கு. இத்தனை எண்ணியதும் காபியைப் போடு. அலைமேல் சறுக்கும் விளையாட்டின் பெயரால் இதை டெம்பரேச்சர் சர்ஃபிங் என்கிறார்கள். பழகினால் ஓரளவு பலிக்கும். ஆனால் காலையில் கண் முழுதாகத் திறக்கும் முன் காபிக்காக அடுக்களைக்கு வருகிறவனிடம் எண்ணு என்று சொல்வது அநியாயம். அந்த எண்ணிக்கையைச் செய்யும் புத்தி காபி குடித்த பிறகுதான் வரும்.

இந்தப் பிரச்சினையோடு இத்தாலியர்களே நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அக்கில்லே காஜ்ஜியா 1938-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும், பின்னர் 1940-களின் இறுதியில் வந்த லீவர் மெஷின்களும் தீர்த்துவைத்தது அழுத்தத்தை. வெப்பத்தைப் பிறகு ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். 1961-இல் வந்த ஃபேமா ஈ61, சூடான நீரைக் காபி இறங்கும் தலைப்பகுதிக்குள் சுற்றவிட்டு அதை எப்போதும் சூடாக வைத்தது. 1970-இல் லா மார்சோக்கோ நிறுவனம், நீராவிக்கு ஒன்று காபிக்கு ஒன்று என இரண்டு பாய்லர்களைத் தனித்தனியாக வைத்தது. 2000-த்தை ஒட்டி, அமெரிக்காவின் சியாட்டிலில் எஸ்பிரெசோ விவாச்சே கடை நடத்திய டேவிட் ஷோமர் போன்றவர்கள் அதுவும் போதாது என்று தொழிற்சாலைகளில் பயன்படும் பிஐடி கன்ட்ரோலரைக் காபி மெஷினுக்குள் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் ரான்சிலியோ சில்வியா என்ற வீட்டு மெஷினை வைத்திருந்த ஆர்வலர்களும் தங்கள் அடுக்களை மேஜையில் அதைச் செய்து பார்த்தார்கள். நான் செய்தது அவர்கள் போட்ட பாதையில் நடந்ததுதான்.

பிஐடியின் பிறப்பிடம் காபிக் கடையும் அல்ல, பாய்லரும் அல்ல. கப்பல். 1922-இல் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், அமெரிக்கக் கடற்படைக் கப்பலைத் தானாகத் திசை மாறாமல் ஓட்ட வழி தேடியபோது, அனுபவமுள்ள சுக்கான் பிடிப்பவர் என்ன செய்கிறார் என்பதைக் கணக்காக எழுதினார். இருபது ஆண்டு கழித்து, 1942-இல் ஜீக்லர், நிக்கல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் அந்தக் கணக்கின் எண்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்றும் கல்லூரிகளில் முதலில் சொல்லிக்கொடுப்பது அந்த முறையைத்தான்.

நமக்குக் கப்பல் எதற்கு? டெல்டாவில் மதகு பார்த்து வளர்ந்தவர்களுக்கு லஸ்கரைத் தெரியும். நீர்வளத் துறையின் ரெகுலேட்டரில் நின்று ஷட்டரைத் திருகி ஏற்றி இறக்குகிற மனிதர். அளவுகோலில் நீர்மட்டம் ஐந்து அடியில் நிற்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு என்று வைத்துக்கொள்வோம். தெர்மோஸ்டாட் புத்தியுள்ள லஸ்கர், மட்டம் நாலரைக்கு இறங்கியதும் ஷட்டரை முழுக்கத் திறப்பார், ஐந்தரையைத் தொட்டதும் முழுக்க மூடுவார். ஒரு நாள் கரை வழியும், மறுநாள் கடைமடை காயும். சராசரி மட்டும் ஐந்து அடியாக இருக்கும்!

கைதேர்ந்த லஸ்கர் மூன்று விஷயங்களைப் பார்ப்பார். மட்டம் இப்போது எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது ஒன்று. அரை அடி குறைந்தால் கொஞ்சம் திறப்பார், இரண்டு அடி குறைந்தால் நிறையத் திறப்பார். இது பி, அதாவது புரொபோர்ஷனல். நேற்றிலிருந்தே மட்டம் இரண்டு அங்குலம் கம்மியாகவே நின்றுகொண்டிருக்கிறதா என்பது இரண்டாவது. அப்படி நின்றால் எங்கோ கசிவோ மேலே வரத்துக் குறைவோ இருக்கிறது என்று அர்த்தம். காரணம் தெரியாவிட்டாலும் ஒரு சுற்று கூடுதலாகத் திருகி அங்கேயே வைத்துவிடுவார். இது ஐ, அதாவது இன்டெக்ரல். மூன்றாவது, மட்டம் இப்போது என்ன வேகத்தில் ஏறுகிறது என்பது. விறுவிறுவென ஏறினால், ஐந்தைத் தொடும் முன்பே இறக்கத் தொடங்கிவிடுவார். இது டி, அதாவது டெரிவேட்டிவ். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் கல்லணை திறப்பது மூன்று நான்கு நாள் கழித்துத்தான். தண்ணீருக்கு வந்து சேர நேரம் வேண்டும். அதனால் கண் முன்னால் தெரிகிற மட்டத்தை மட்டும் நம்பித் திருகுகிறவர் எப்போதும் தாமதமாகவே திருகுவார். பாய்லரிலும் இதே தாமதம்தான். சுருளில் பிறந்த சூடு அலுமினியத்தைக் கடந்து சென்சாருக்கு வந்து சேரச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியைப் புரிந்துகொண்டு வேலை செய்வதற்குத்தான் மூன்றாவது எழுத்து.

பொருள்களுக்கு வருவோம். கன்ட்ரோலர், அதன் கட்டளைப்படி சுருளுக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே, சூட்டை அளக்கும் சென்சார் என்று மூன்று உருப்படிகள்தான். கன்ட்ரோலர் என்பது பேக்கரி அவனிலும் பிளாஸ்டிக் பை ஒட்டும் இயந்திரத்திலும் சிவப்பு எண்கள் ஒளிர நீங்கள் பார்த்திருக்கும் அதே சதுரப் பெட்டி. 48 மில்லிமீட்டர் சதுர முகப்பு உள்ளவை எங்கும் கிடைக்கும். எனக்கு இடம் போதாததால் 48-க்கு 24 அளவில் சிறியதைத் தேடினேன். திருச்சியில் கிடைத்தது. 1965-இல் பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை தொடங்கியதிலிருந்து அதைச் சுற்றித் துவாக்குடிப் பக்கம் வளர்ந்த பட்டறைகளால், வெப்பம் அளக்கும் கருவி என்றால் அந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எதற்கு என்று கேட்டார்கள். காபி மெஷினுக்கு என்றதும், கடைக்கா வீட்டுக்கா என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு என்றதும் சிரித்தார்கள்.

கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளியீடு எஸ்எஸ்ஆர் எனப்படும் சாலிட் ஸ்டேட் ரிலேயை இயக்கும் வகையா, அல்லது உள்ளேயே சாதாரண ரிலே வைத்த வகையா என்பதை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மாதிரி எண்ணின் கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கும். சாதாரண ரிலேயின் தொடுமுனைகளுக்குச் சுமையோடு ஒரு லட்சம் தடவை என்பது வழக்கமான ஆயுள். இரண்டு விநாடிக்கு ஒரு முறை போட்டு அணைத்தால் மணிக்கு 1,800 தடவை. ஐம்பத்தைந்து மணி நேரத்தில் ஆயுள் முடிந்தது. எஸ்எஸ்ஆரில் அசையும் பாகமே இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு விநாடிக்குள் 200 அரைச் சுற்றுகள் வருகின்றன. அவற்றில் எத்தனையை உள்ளே விடுவது என்பதுதான் அதற்குக் கிடைக்கும் கட்டளை. ஷட்டரை அங்குலம் அங்குலமாகத் திருகும் வேலை இங்கேதான் நடக்கிறது.

எஸ்எஸ்ஆருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மூடிய நிலையில் கெட்டுப்போகும். அதாவது, மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருக்கும். இதனால்தான் 145 டிகிரி தெர்மோஸ்டாட்டையும் வெப்ப ஃப்யூஸையும் நான் தொடவில்லை. இரண்டும் சுருளோடு வரிசையில் அப்படியே இருக்கின்றன. எஸ்எஸ்ஆர் கைவிட்டாலும் 145-இல் பழைய தகடு டிக் என்று துண்டிக்கும், அதுவும் தவறினால் ஃப்யூஸ் போகும். இடம் போதவில்லை என்று ஃப்யூஸை எடுத்துவிட்டவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் காபி குடிக்க மாட்டேன். சந்தையில் போலி எஸ்எஸ்ஆர்களும் உலவுகின்றன. மேலே 25 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும், உள்ளே இருப்பது அதற்குத் தாங்காது. 1,000 வாட் சுருளுக்குத் தேவை ஐந்து ஆம்பியருக்கும் கீழேதான் என்றாலும், நம்பகமான கடையில் பெரிய அளவாக வாங்கி, மெஷினின் உலோகச் சட்டத்தோடு வெப்பப் பசை தடவி முடுக்கிவிடுவதே நல்லது. ஓடும்போது அதுவே ஐந்தாறு வாட் சூட்டைக் கக்கும்.

வேலையில் கைகொடுத்தவர், பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். நான் கொண்டுபோன ஒயரை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது பாய்லரைத் தொட்டால் உருகிவிடும், தம்பி. மோட்டாருக்குள் நாங்கள் போடுவதைப் போடுங்கள்" என்று சொல்லி, கண்ணாடி இழையில் நெய்த சிலீவை அளந்து வெட்டிக் கொடுத்தார். ஒயர் முனைகளில் லக் எனப்படும் உலோகக் காதுகளை வைத்து அழுத்தியதும் அவர்தான். ஒவ்வொன்றையும் அழுத்திய பிறகு ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அழுத்துவார்.

பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய இடத்தில் 4 மில்லிமீட்டர் மரை உள்ள துளை இருந்தது. அதைச் சுற்றி, ஆலையில் தடவிய வெள்ளைப் பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்துகொண்டிருந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பசை வைத்து, திருகுமுனை உள்ள கே வகைத் தெர்மோகப்பிளை அங்கே முடுக்கினோம். இந்தச் சென்சாரில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகள் சேருமிடத்தில் பிறக்கும் மின்னழுத்தம், டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட், அதுதான் அளவு. ஆகவே பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. மின்சார வேலை தெரிந்தவர்களின் கை சிவப்பு ஒயரைப் பிளஸ் என்றே எடுக்கும். அமெரிக்க முறைப்படி நிறமிட்ட கே வகையில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். மாற்றிப் பொருத்தினால் சூடு ஏற ஏற எண் இறங்கும். கன்ட்ரோலரோ குளிர்ந்துவிட்டது என்று நம்பி மேலும் மேலும் சூடேற்றும். மூடியைப் போடும் முன், சென்சார் நுனியை விரலால் பிடித்து, எண் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கொல்லையில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி, கோடையில் மண் காய்ந்ததும் பெயருக்குத்தான் இருக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் தெரிந்த தலைமுறை போய்விட்டது. மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் தானே விழுந்து துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மெஷினைத் திறக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். எஸ்எஸ்ஆர் அணைந்திருக்கும்போதும் அதன் வழியே சிறிது கசியும்.

முதன்முறை ஆட்டோடியூன் என்ற வசதியை ஓட்ட வேண்டும். கன்ட்ரோலர் தானே சூடேற்றி, ஆறவிட்டு, பாய்லர் எப்படி எதிர்வினை செய்கிறது என்று பார்த்து மூன்று எண்களையும் போட்டுக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். அந்த எண்களைத் திருகித் திருகி மாதக்கணக்கில் திருத்துகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குக் காபியைவிட எண்கள் ருசி.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முகப்பில் 93 என்று வைத்துவிட்டு, நீர் 93-இல் வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சென்சார் இருப்பது பாய்லரின் வெளிச்சுவரில். அங்கிருந்து நீர் பித்தளைத் தலைப்பகுதி, சல்லடை, கூடை எல்லாவற்றுக்கும் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் தூளைத் தொடுகிறது. மெல்லிய தெர்மோகப்பிள் ஒன்றைக் கூடையின் விளிம்பு வழியாக உள்ளே விட்டு அளந்தபோது, என் மெஷினில் பத்து டிகிரிக்குச் சற்று மேலே வித்தியாசம் இருந்தது. சுவர் 104 காட்டினால் தூளில் 93. அதுவும் மெஷின் போட்டு அரை மணி நேரம் ஆன பிறகு. முகப்பு எண் பத்து நிமிடத்திற்குள் நிலைத்துவிடும், கனமான பித்தளைத் தலை அதற்குள் சூடேறியிருக்காது. ஆகவே அந்தச் சிவப்பு எண் உண்மையான வெப்பம் என்று நம்பாதீர்கள். நேற்றைய 104-உம் இன்றைய 104-உம் ஒரே 104 என்பதுதான் அது தருகிற உறுதி. நான் காசு கொடுத்து வாங்கியது அதை மட்டும்தான், அது போதும் என்றும் நினைக்கிறேன்.

டெல்டாவில் இந்த உறுதிக்கு இன்னொரு மதிப்பு இருக்கிறது. குறுவைக்கு மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் மாலை நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். டியூப்லைட் தயங்கும், மின்விசிறி சோம்பும். சுருளின் சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது பள்ளிப் பாடம். 230-இல் 1,000 வாட் தரும் சுருள் 190-இல் 680 வாட்தான் தரும். தெர்மோஸ்டாட் காலத்தில், விளக்கு அணைந்ததிலிருந்து எண்ணும் வித்தையெல்லாம் இந்த நேரத்தில் படுத்துவிடும். காலையின் எண்ணிக்கை மாலைக்கு ஆகாது. இப்போது கன்ட்ரோலரின் மூலையில் ஒரு சின்ன விளக்கு, இரண்டு விநாடிக்கு ஒரு முறை சிமிட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா நிற்கும்போது பாய்லர் காற்றுக்கு இழக்கும் சூட்டை ஈடுகட்ட 60 வாட் தேவை என்றால், நல்ல வோல்டேஜில் நூற்றுக்கு ஆறு பங்கு நேரம் எரிந்தால் போதும். 190-இல் ஒன்பது பங்கு வேண்டும். மாலையில் உற்றுப் பார்த்தால் அந்தச் சிமிட்டல் ஒரு நூலிழை நீண்டிருப்பது தெரியும். யாரும் அதற்கு வோல்டேஜைச் சொல்லவில்லை. வரத்துக் குறைந்ததைக் காரணம் கேட்காமல் கூடுதலாகத் திருகி வைத்த லஸ்கரின் வேலை அது.

காபி இறங்கும்போது நடப்பது வேறு கதை. கப்பில் 36 கிராம், தூள் குடித்துக்கொள்வதையும் சேர்த்து ஏறத்தாழ 50 கிராம் நீர் பாய்லரை விட்டுப் போகிறது. அதே அளவு பச்சைத் தண்ணீர் உள்ளே வருகிறது. 30 டிகிரித் தண்ணீரை 93-க்குக் கொண்டுபோக 13,000 ஜூலுக்குச் சற்று மேல் வேண்டும். அதை 25 விநாடிக்குள் கொடுக்க 530 வாட் அளவு தேவை. சுருளுக்கு அந்தச் சக்தி இருக்கிறது. ஆனால் சென்சாருக்குச் செய்தி எட்டும் முன் பாதிக் காபி இறங்கிவிடும். ஆகவே பிஐடி போட்ட பிறகும் காபி இறங்குகையில் வெப்பம் கொஞ்சம் சரியத்தான் செய்யும். 100 மில்லி பாய்லரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. பம்ப் ஓடத் தொடங்கிய கணமே சுருளையும் போட்டுவிடும் நுட்பமான கருவிகள் இருக்கின்றன. எனக்கு அவை தேவைப்படவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சரிந்தால் அந்தச் சரிவுக்கும் சேர்த்தே தூளை அரைத்துக்கொள்ளலாம்.

ருசிக்கு வருகிறேன். எங்கள் ஊர்த் தூள் கடையில் நான் வாங்குவது பீபரியும் பிளான்டேஷன் ஏ-யும் கலந்த கொட்டை, சற்றுக் கருக்க வறுத்தது. கடைக்காரர் வழக்கம்போல முதலில் கேட்பது சிக்கரி எவ்வளவு என்று. சிக்கரி வேண்டாம், அரைக்கவும் வேண்டாம் என்றால் முகம் மாறும். அந்தக் கருத்த வறுவலுக்கு 104 ஆகவே ஆகாது, நாக்கின் பின்புறம் கசப்பு ஒட்டிக்கொள்ளும். 98-க்கு இறக்கியதும் அதே கொட்டையில் வெல்லப்பாகின் வாசனை வந்தது. ஏற்காட்டிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்த இளம் வறுவலுக்கு நேர்மாறு. 98-இல் எலுமிச்சம்பழப் புளிப்பு, 105-இல்தான் சமனாயிற்று. தெர்மோஸ்டாட் இருந்தபோதும் இந்த ருசிகள் எப்போதாவது வந்திருக்கும். ஆனால் வறுவலால் வந்ததா, வெப்பத்தால் வந்ததா, அரைப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழி இருந்ததில்லை.

அப்பாவுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. அவருடைய புகார் ஒன்றே ஒன்று. பாலை நீராவியில் 60, 65 டிகிரிக்குச் சூடேற்றினால்தான் நுரை பட்டாக வரும், பாலின் இனிப்பும் தெரியும் என்பது எஸ்பிரெசோ சாஸ்திரம். கள்ளிச்சொட்டாக டிகாக்ஷன் இறக்கி, பொங்கும் பாலைக் கலந்து, டபராவில் ஆற்றிக் குடித்த நாக்குக்கு அது ஆறிப்போன காபி.

"டிகாக்ஷனின் சூட்டுக்கு இவ்வளவு பாடுபட்டாயே, பாலை ஏன் விட்டுவிட்டாய்?" என்றார். பதில் இல்லை. இப்போது அவருக்கு மட்டும் அடுப்பில் பொங்கிய பாலில் எஸ்பிரெசோவை ஊற்றிக் கொடுக்கிறேன். இத்தாலியில் இதற்கு அனுமதி கிடைக்காது. ஆனால் ஒரு நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நேற்றும் இதே மாதிரிதான் இருந்தது" என்றார். அவர் பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியாது, நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. வெறும் போர் தண்ணீரை இதில் ஊற்றாதீர்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் அதே வெள்ளைக் கல் பாய்லருக்குள்ளும் படியும். படிந்தால் சுவருக்கும் நீருக்கும் இடையில் இன்னொரு சுவர் எழும், நீங்கள் அளந்து வைத்த வித்தியாசம் பொய்யாகும். முழுக்க ஆர்ஓ தண்ணீர் என்றால் காபி சப்பென்றிருக்கும். நான் இரண்டையும் கலக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு உடனே ஸ்குரூடிரைவரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் நல்ல கிரைண்டர் இல்லாமல் கடையில் அரைத்த தூளைப் போடுகிறீர்கள் என்றால் இந்தச் செலவு வீண். அரைப்புச் சீராக இல்லாத தூளில் நீர் தனக்குப் பிடித்த சந்தில் புகுந்து ஓடிவிடும், அது 93-ஆ 83-ஆ என்பது இரண்டாம்பட்சம். கிரைண்டர் இருக்கிறது, எடை போட்டுத்தான் காபி போடுகிறேன், ஆனாலும் ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை என்பவர்களுக்குத்தான் இது. சில ஆயிரம் ரூபாயில் முடியும். இரட்டை பாய்லர் மெஷினுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்துவைக்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

காயில் பட்டறை அண்ணன் போன வாரம் வந்து, மெஷினின் பக்கத்தில் நின்று, சிவப்பு எண் அசையாமல் நிற்பதை வெகுநேரம் பார்த்தார். அவருடைய மைத்துனர் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருக்கிறாராம். அதற்கு 37.5 டிகிரி வேண்டும், இப்போதிருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு டிகிரி மேலும் கீழும் ஆட்டுகிறதாம். "உங்கள் பி, ஐ, டி எண்களை எழுதிக் கொடுங்கள், தம்பி, அப்படியே போட்டுவிடுகிறேன்" என்றார். என் எண்கள் 100 மில்லி பாய்லருக்கானவை, கோழிப் பெட்டிக்கு அதன் காற்றும் பல்பும்தான் எண்களைச் சொல்ல வேண்டும் என்றேன். ஆட்டோடியூன் ஓட்டச் சொல்லியிருக்கிறேன், முட்டைகளை வைப்பதற்கு முன்.